மேடும் தூரமும்

அரையாண்டுப் பரீட்சை முடிந்து லீவு விடுகிற அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் சுனாமி பற்றிப் பேசுவது எங்கள் பள்ளிக்கூடத்தில் என் வேலை. டிசம்பர் 26 லீவுக்குள் விழுந்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. தாவரவியல் வாத்தியார், போதாக்குறைக்குக் கடற்கரையிலிருந்து ஆறு கிலோமீட்டரில் பிறந்தவன் என்பதால் பன்னிரண்டு வருடமாக இது என் தலையில்தான். பேச்சும் பன்னிரண்டு வருடமாக ஒரே பேச்சு. பிச்சாவரத்தில் அலையாத்திக் காடு இருந்தது, பின்னால் இருந்த ஊர்கள் பிழைத்தன. நாகப்பட்டினம் பக்கம் காடு இல்லை, அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ஆகவே பிள்ளைகளே, மரம் நடுங்கள். கைதட்டுவார்கள், கலைந்துபோவார்கள்.

போன டிசம்பரில் பேசவில்லை. தொண்டை சரியில்லை என்று தமிழ் ஐயாவிடம் தள்ளிவிட்டேன். "என்ன சார், இந்த வருஷம் அலையாத்திக்கும் லீவா?" என்று தலைமையாசிரியர் கேட்டார். சிரித்து மழுப்பினேன். தொண்டை நன்றாகத்தான் இருந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்னால் என் அக்கா மகள் ஆற்றங்கரைச் சேற்றில் குச்சியால் ஒரு படம் போட்டுக் காட்டியிருந்தாள். அதிலிருந்து அந்தப் பேச்சை வாய் திறந்து பேச முடியவில்லை. படத்தைச் சொல்வதற்கு முன்னால் ஜேசிபி கதையைச் சொல்ல வேண்டும்.

ஜேசிபி வந்த காலை

2005 பிப்ரவரி. நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. நாட்டு நலப்பணித் திட்ட முகாம் என்று ஒரு பஸ்ஸில் ஏற்றி, கொள்ளிடத்துக்குத் தெற்கே ஒரு மீனவ ஊருக்குக் கூட்டிப்போனார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். அலை வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. உடைந்த கட்டுமரங்களும் ஒரு ஃபைபர் படகின் பாதியும் கருவைப் புதரில் செருகிக் கிடந்தன. எங்கெங்கிருந்தோ லாரியில் கொண்டுவந்து கொட்டிய பழைய துணி சாலையோரத்தில் மலையாகக் குவிந்திருந்தது. அதை எந்தப் பெண்ணும் தொடவில்லை என்பது இன்னும் நினைவிருக்கிறது.

நட வேண்டியது சவுக்கு. கன்றுகள் ஒரு தொண்டு நிறுவனத்தின் உபயம். "பசுமை அரண்" என்று பேனர் கட்டியிருந்தார்கள். கரைக்கும் ஊருக்கும் நடுவே ஒரு மணல் மேடு இருந்தது. மாடி வைக்காத ஓட்டு வீட்டு உயரம் இருக்கும். மேலே அடும்புக்கொடி படர்ந்து ஊதாப் பூ பூத்திருந்தது. இராவணன் மீசை காலைக் குத்தியது. நாலைந்து தாழம் புதர், ஒற்றைப் பனை. கடலைப் பார்த்த பக்கத்தை அலை செங்குத்தாக அரிந்திருந்தது, ஆனாலும் மேடு நின்றுகொண்டுதான் இருந்தது. சரிவில் வரிசை பிடித்து நட முடியாது, நட்டாலும் குடம் சுமந்து ஏறி ஊற்ற முடியாது என்பதால் முதல் வேலையாக ஜேசிபியை விட்டார்கள். ஏழரை மணிக்கு ஆரம்பித்தது, பதினோரு மணிக்கெல்லாம் தரை.

வெட்டுப்பட்ட மேட்டின் வயிற்றைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மேலே ஒரு முழத்துக்கு வெள்ளை மணல், உலர்ந்து உதிர்ந்தது. அதற்குக் கீழே பழுப்பாக, ஈரமாக, கையில் பிடித்தால் உருண்டை பிடிக்கிற மணல். அடும்பின் தண்டு ஒன்று மேலிருந்து கீழ்வரைக்கும் கயிறு மாதிரி இறங்கியிருந்தது, கணுவுக்குக் கணு வேர். மணல் மூட மூட அது மேலே ஏறிவந்திருக்கிறது. அதாவது அந்த மேட்டைக் கட்டியதே அதுதான். தாவரவியல் படிக்கிற பையன் அதைப் பார்த்து என்ன செய்திருக்க வேண்டும்? நாங்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்தக் குளிர்ந்த மணலில் கால் புதைத்து நின்றோம். வெயிலுக்கு சுகமாக இருந்தது.

கருவாட்டுப் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கியபடி ஓர் அம்மா வந்தார். அறுபது வயது இருக்கும்.

"எதுக்குப்பா மேட்ட இடிக்கிறீங்க?"

"மரம் வைக்கிறோம் ஆத்தா. அடுத்த தடவ அலை வந்தா தடுக்கும்."

"போன தடவ இதுதான தடுத்துச்சு."

அதற்கு நான் சொன்ன பதில் எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்: "மணலு கரைஞ்சுடும் ஆத்தா. மரம்னாதான் வேர் புடிச்சு நிக்கும்." அவர் என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு குடம் தண்ணீரும் சொம்புமாக வந்து எங்கள் எல்லோருக்கும் ஊற்றினார். கடலுக்கு இத்தனை பக்கத்தில் கல்கண்டு மாதிரி இனித்தது. எங்கே பிடிச்சீங்க என்று கேட்டோம். மேட்டடி ஊற்று என்று ஜேசிபி நின்ற பக்கமாக முகவாயால் காட்டினார்.

ஊரில் யார் வீடு நின்றது, யார் வீடு போனது என்பதும் அன்றைக்கே கண்ணில் பட்டதுதான். மேட்டுக்குப் பின்னால் இருந்த தெருவில் சுவர்கள் நின்றன. படகு இறக்குவதற்காக மேட்டில் விட்டிருந்த வாய்க்கு நேரே இருந்த தெருவில்தான் அஸ்திவாரம் மட்டும் மிச்சம். பார்த்தேன். பார்த்ததை எதனோடும் சேர்த்துப் பார்க்கவில்லை. ஆயிரத்துச் சொச்சம் கன்று நட்டோம், புளிசாதம் சாப்பிட்டோம், சான்றிதழ் வாங்கினோம். கையில் சவுக்குக் கன்றோடு நான் சிரிக்கிற போட்டோ அம்மா வீட்டு அலமாரியில் இப்போதும் இருக்கிறது.

வெள்ளாற்றங்கரை

அக்கா மகளை வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படிக்கிறாள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் அங்கேதான் இருக்கிறது, வெள்ளாறு கடலில் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில்.   போன அக்டோபரில் பூஜை லீவு முடிந்து அவளைக் கொண்டுபோய் விட்டபோது, "வாங்க மாமா, எங்க காட்டக் காட்டுறேன்" என்று ஆற்றங்கரைக்கு இழுத்துப்போனாள்.

மையத்தை ஒட்டி வெள்ளாற்றங்கரையில் ஒரு சின்ன அலையாத்திக் காடு. தானாக வந்த காடு இல்லை, 1990களில் அங்கிருந்த ஆய்வாளர்கள் வைத்து ஆளாக்கியது. தண்ணீர் வற்றிய நேரம். வெண்கண்டலின் மூச்சுவேர்கள் சேற்றில் பென்சில்களை நட்டுவைத்தது போல ஆயிரக்கணக்கில் நீட்டிக்கொண்டிருந்தன. பாப்பா ஓர் இலையைக் கிள்ளி நீட்டினாள். நாக்கில் வைத்தேன், உப்பு. மரம் உறிஞ்சிய உப்பை இலை வழியாகத் துப்புகிறது என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவன், நாக்கில் வைத்தது அன்றைக்குத்தான். சுரபுன்னையில் காய்கள் முருங்கைக்காய் போலத் தொங்கின. மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, சேற்றில் செருகிக்கொள்ளத் தோதாக முனை கூராகிக் கீழே விழுகிற காய். ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெரிதாக வளர்ந்த நண்டுகள் எங்கள் காலடி கேட்டதும் வளைக்குள் போய், சத்தம் அடங்கியதும் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன.

வாத்தியார் வாய் சும்மா இருக்குமா? ஆரம்பித்துவிட்டேன். இந்தக் காடு இல்லையென்றால் அன்றைக்கு இந்தக் கரையே இருந்திருக்காது. பெயரைப் பார், அலை ஆத்தி, அலையை ஆற்றுவது. நம் முன்னோர்கள் பெயரிலேயே வைத்துவிட்டுப் போனார்கள், இத்யாதி. பாப்பா முழுதாகக் கேட்டாள். பிறகு, "மாமா, அந்தக் கட்டுரைய நீங்க படிச்சிருக்கீங்களா?" என்றாள்.

எந்தக் கட்டுரை?

சுனாமிக்குப் பிறகு 2005இல் இந்த மையத்துக்காரர்களே எழுதியதாம். பரங்கிப்பேட்டைக் கரையோரத்தின் 18 குப்பங்களை எடுத்துக்கொண்டு, எங்கே எத்தனை உயிர், எவ்வளவு பொருள் சேதம், எங்கே எவ்வளவு மரம், ஊர் கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு மேடு என்று கணக்குப் போட்டு, மரம் இருந்த இடத்தில் சேதம் குறைவு என்று காட்டிய கட்டுரை. நான் பன்னிரண்டு வருடமாகக் கைதட்டு வாங்கிய பேச்சின் மூலம் அதுதான், மூன்றாம் கையாகப் பத்திரிகைகள் வழியாக என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அடுத்த வருடமே, 2006இல், வேறு மூன்று ஆய்வாளர்கள் அதே எண்களை எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். தூரத்தையும் உயரத்தையும் முதலில் கழித்துவிட்டால், மரத்துக்கு என்று தனியாகச் சொல்ல ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை என்றார்கள். முதல் கட்டுரைக்காரர்களும் விடவில்லை, பதில் எழுதினார்கள். "எங்க கிளாஸ்ல ரெண்டையும் படிக்கச் சொல்லுவாங்க மாமா" என்றாள் பாப்பா. தன் ஊர்க் கட்டுரையையும் அதை மறுத்த கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிற வகுப்பு எனக்குக் கிடைக்கவில்லை என்பது தனி வயிற்றெரிச்சல்.

எனக்குக் கோபம்தான் வந்தது. மரம் தடுக்கவில்லை என்று எவன் சொல்வான்? பாப்பா ஒரு குச்சியை எடுத்துச் சேற்றில் கோடு போட்டாள். "இது கடல் மாமா. அலையாத்தி நேரா கடலப் பாத்தாப்புல வளருமா? வளராது. உள்ளாற, கழிமுகத்துக்குள்ள, அலையில்லாத சேத்துலதான் வளரும்." கோட்டுக்கு உள்ளே தள்ளி ஒரு வட்டம் போட்டாள். "அப்ப அதுக்குப் பின்னாடி இருக்குற ஊரு?" இன்னும் உள்ளே தள்ளி ஒரு புள்ளி வைத்தாள். "அது கடல்லேர்ந்து தானா தள்ளிதான இருக்கும். அந்த ஊரு பொழச்சது மரத்தாலயா, தூரத்தாலயா? மரமே இல்லாத ஊருலயும் மேட்டுமேல இருந்தவங்க பொழச்சிருக்காங்க. மேடும் தூரமும்தான் முதல் கணக்கு. மரம் அதுக்கு அப்பறம்."

மேடு என்று அவள் சொன்னதும் எனக்கு முதுகில் என்னமோ ஊர்ந்தது. இருபது வருடமாக எங்கே கிடந்தது என்று தெரியவில்லை, பாய் சுருட்டின அந்த அம்மாவின் குரல் அப்படியே கேட்டது. போன தடவ இதுதான தடுத்துச்சு. நாங்கள் அன்றைக்கு ஓர் ஊரிடமிருந்து மேட்டைப் பிடுங்கிக்கொண்டு மரத்தைக் கொடுத்திருக்கிறோம். அந்த மேட்டடியில் தேங்கிய நல்ல தண்ணீரையும் சேர்த்து. உப்புத் தண்ணீர் மேல் நல்ல தண்ணீர் மிதந்து நிற்பதற்கு மணல் மேடுதான் தொட்டி. மழையை அதுதான் வாங்கி வைக்கிறது. இதுவும் எனக்குத் தெரியும். பரீட்சைத் தாளில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

"அப்ப மரம் வேஸ்ட்டுன்னு சொல்றியா?" என்று கேட்டேன், தோற்றவன் கேட்கிற கேள்வி.

"அப்படியா சொன்னேன்? இங்க காடு நிக்கிறதால இங்க எவனும் வீடு கட்டல, பண்ணை போடல. அந்த இடம் இடமாவே இருக்கு. தூரம் தூரமாவே இருக்கு. அதுக்கு இந்த மரம்தான காவல்?"

சீர்காழிக்குத் திரும்பி வருகிற பஸ் முழுக்க இதையே உருட்டிக்கொண்டு வந்தேன். மரம் அலையைத் தடுக்கிற சுவர் என்று நினைத்தால் சுவரை எங்கே வேண்டுமானாலும் எழுப்பலாம், மேட்டை இடித்துக்கூட. மரம் ஒரு வெளியைக் காக்கிற காவலாள் என்று நினைத்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த இடம் இதற்கு முன் என்னவாக இருந்தது?

தீர்வை ஏற்படாத தரிசு

நம் கிராமக் கணக்கில் கடற்கரைக்குப் பெரும்பாலும் இரண்டு பெயர்தான், புறம்போக்கு அல்லது தீர்வை ஏற்படாத தரிசு. ஒரு போகம் நெல் கொடுக்காத நிலத்துக்கு எங்கள் பக்கத்தில் மரியாதை கிடையாது. வயல்காரன் கண்ணுக்குக் கடற்கரை காலி இடம். வலை காயப்போடுகிறவனுக்கும், நெத்திலி காயவைக்கிறவளுக்கும், மாசி பங்குனியில் ராத்திரியோடு ராத்திரியாக ஏறிவந்து முட்டையிட்டுப் போகிற பங்குனி ஆமைக்கும் அங்கே இடமே போதாது. காலி என்று பார்க்கிறவன்தான் அதில் எதையாவது வைக்க ஆசைப்படுவான். நான் சவுக்கு வைத்தேன். வேறு சிலர் இறால் பண்ணை வைத்தார்கள்.

இறால் பண்ணைக் கதை இந்தக் கரைக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை எடுக்கச் சொன்னது. 2005இல் நாடாளுமன்றம் வேறொரு சட்டம் போட்டு வழிவிட்டது. தூரத்தின் கதியும் அதேதான். அந்த மண்டலத்தை வகுத்த 1991 அறிவிக்கை, ஊர்ப்புறக் கடற்கரைகளில் உயர் ஓதக் கோட்டிலிருந்து முதல் 200 மீட்டரில் புதிதாக எதுவும் கட்டாதே என்றது. 2019இல் மக்கள் நெருக்கமான ஊர்ப்புறங்களுக்கு அந்த 200ஐ 50 ஆக்கினார்கள். பாப்பாவின் குச்சிப் படத்தில் கோட்டுக்கும் புள்ளிக்கும் நடுவே இருந்த இடைவெளியை அதிகாரபூர்வமாக முக்கால்வாசி அழித்த மாதிரி.

ஆனால் தூரம் தூரம் என்று நான் ஆறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து எழுதுவது சுலபம். சுனாமிக்குப் பிறகு கரையோரக் குடும்பங்களை 200 மீட்டருக்கு அப்பால் போகச் சொன்னபோது நிறைய ஊர்களில் முரண்டு பிடித்தார்கள். வீட்டுத் திண்ணையிலிருந்து கடல் தெரியாவிட்டால் எந்தப் பக்கம் மீன் பாடு என்று எப்படித் தெரியும், படகையும் எஞ்சினையும் யார் பார்த்துக்கொள்வது என்பது ஒன்று. எங்களை நகர்த்திவிட்டு இந்த இடத்தை யாருக்குக் கொடுப்பீர்கள் என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்விக்கு நேர்மையான பதில் யாரிடமும் இருந்ததாகத் தெரியவில்லை. வெளியைக் காப்பது என்றால் அதில் புழங்குகிறவர்களை வெளியேற்றுவது என்று அர்த்தமானால், கொஞ்ச நாளில் அங்கே கேட் போட்ட விடுதி ஒன்று முளைக்கும்.

மீன்முள்

டிசம்பரில் பாப்பா பிச்சாவரத்துக்குக் கூட்டிப்போனாள். படகுத்துறையில் சுற்றுலாக் கூட்டம் போகிற பக்கம் இல்லை, எதிர்ப்பக்கம். துடுப்பு போட்ட அண்ணன் இருளர். அவருடைய அம்மா காலத்தில் தண்ணீரில் உட்கார்ந்து கையாலேயே தடவி இறால் பிடிப்பார்களாம், இவரும் படகு இல்லாத நாளில் அதுதான். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த தில்லை மரத்தைக் காட்டி, "கைய வச்சிடாதீங்க சார், பால் கண்ணுல பட்டா போச்சு" என்றார். ஊரில் இல்லாத ஊர்மரம் இங்கே ஒதுங்கி நிற்கிறது.

2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், ஏறிய காடு என்று இன்று பெருமையாகச் சொல்கிறோம், இதே காட்டில் பெரிய பெரிய திட்டுகள் செத்துக் கிடந்த காலம் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் ஆரம்பித்து அதற்குப் பிறகும் நடந்த கூப்பு வெட்டில், ஒரு பக்கத்திலிருந்து மொத்தமாக வெட்டிக்கொண்டே போனார்கள். நிழல் போனதும் சேறு வெயிலில் காய்ந்து சுருங்கி நடுவில் தட்டு மாதிரி குழிந்துவிட்டது. இந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் இல்லை, அதனால் அந்தச் சிறு குழிவே போதும். ஓதத்தில் ஏறின தண்ணீர் திரும்ப இறங்க வழியில்லாமல் தேங்கி, கோடையில் காய்ந்து, உப்பு ஏறி ஏறி, அலையாத்தியாலேயே தாங்க முடியாத உப்பாகிவிட்டது. அதில் எத்தனை கன்று நட்டாலும் செத்தன. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து செய்தது, யோசித்தால் எங்கள் ஊர் விவசாயி எவனும் செய்கிற காரியம்தான். வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள், மேலிருந்து பார்த்தால் மீன்முள். தண்ணீர் ஏறவும் இறங்கவும் வழி கிடைத்தது, உப்பு கழுவிப்போனது. அப்புறம்தான் வாய்க்கால் சரிவில் கன்று வைத்தார்கள். நடுவது அங்கே கடைசி வேலை. முத்துப்பேட்டையிலும் இதே முறைதான்.

ஒரு கிளை வாய்க்காலுக்குள் படகை விட்டார் அண்ணன். இரண்டு பக்கமும் தலைக்கு மேல் வெண்கண்டல். பாதி தூரத்தில் படகு தரை தட்டியது. இறங்கித் தள்ளினோம், முழங்கால் வரைக்கும் சேறு, கருப்பாக, அழுகின முட்டை வாடையோடு. "தூர் வாரணும் சார். இதுலாம் மூடிக்கிட்டே வருது" என்றார். மூடினால் என்ன ஆகும் என்று கேட்டேன். "பழையபடி உப்பளந்தான்." வயல் வாய்க்காலுக்குக் குடிமராமத்து என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். இந்த வாய்க்காலை யார் கணக்கில் எழுதுவது? திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் யாரும் தூர் வாருகிற அன்றைக்கு வரமாட்டார்கள். சான்றிதழ் வாங்கிக்கொண்டு பஸ் ஏறின எனக்கு இதைக் கேட்க என்ன யோக்கியதை என்றும் அப்போதே தோன்றியது, சேற்றில் நின்றுகொண்டே.

திரும்பிப் போனது

தை பிறந்த வாரம் பைக்கை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். இருபது வருடத்தில் முதல் தடவை. பாய் சுருட்டின அம்மா இறந்து எட்டு வருடம் ஆகிவிட்டதாம். அவர் மருமகள் அதே இடத்தில் அதே வேலை. பாய்க்குப் பதில் பச்சை நைலான் வலை, அவ்வளவுதான்.

நான் தலை குனிந்து மன்னிப்புக் கேட்கிற தோரணையில் போயிருந்தேன். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. "சவுக்க ஏன் கொற சொல்றீங்க? விறகுக்குக் கொறயில்லாம இருந்துச்சு. வெட்டி வித்த காசுலதான் மாரியம்மன் கோயில் மண்டபம் கட்டுனாங்க" என்றார். பிறகு போகிறபோக்கில், தண்ணீர் மட்டும் இப்போது லாரியில் வருகிறது என்றார். மேட்டடி ஊற்றை அவர் கல்யாணமாகி வந்த புதிதில் தோண்டியிருக்கிறார், இப்போது எங்கே தோண்டினாலும் கரிக்கிறது. சவுக்கு நிழலில் சருகு மெத்தை மாதிரி கிடக்கும், ஒரு புல் முளைக்காது, ஆமை வந்து வந்து திரும்பிப் போகும் என்றும் சொன்னார். எல்லாம் ஒரே மூச்சில், எதையும் எதற்கும் எதிராக வைக்காமல்.

முன்வரிசை சவுக்கு பத்துப் பதினைந்து மிச்சம். கடல் அரித்து வேர் தொங்க நின்றன. ஏலக் கொட்டகைக்கு இடது பக்கம், கைவிட்ட ஒரு ஃபைபர் படகை ஒட்டி, காற்று கொண்டுவந்த மணல் குவிந்திருந்தது. முழங்கால் உயரம். அதன் மேல் அடும்பு. யாரும் நடவில்லை. இலையைத் திருப்பிப் பார்த்தேன், ஆட்டுக் குளம்பு மாதிரி நடுவில் பிளந்தது. அதேதான்.

பாப்பாவுக்கு போன் போட்டேன். அவள் வகுப்புத் தோழர்கள் நாலு பேரோடு வந்தாள். ஊர்ப் பஞ்சாயத்தில் போய் உட்கார்ந்தோம். நாங்கள் கேட்டது சின்ன விஷயம்: அந்தப் படகிலிருந்து ஒரு முப்பது தப்படிக்குத் தென்னங்கீற்றுத் தட்டி கட்டுகிறோம், மணல் அதில் மோதி நிற்கும், மற்றதை அடும்பு பார்த்துக்கொள்ளும். அங்கே வண்டி ஓட்டாமல் இருந்தால் போதும். "படகு எறக்க வழி?" என்று கேட்டார் தலைவர். வழி விடலாம், ஆனால் நேராக வேண்டாம், சாய்த்து விடலாம், நேராக விட்டால் அலையும் அதே வழியில் நேராக வரும் என்றாள் பாப்பா. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அஸ்திவாரம் மட்டும் மிஞ்சிய அந்தத் தெரு இருந்த பக்கம் ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்தார். அப்புறம் எஞ்சின் வைத்த படகைச் சாய்வில் இழுக்க எத்தனை ஆள் வேண்டும் என்று அரைமணி நேரம் சண்டை. கடைசியில் முப்பது தப்படி இருபது தப்படியாகக் குறைந்தது. பேனர் கட்டக்கூடாது என்று நான் ஒரு நிபந்தனை போட்டேன். யாரும் கட்டுவதாக இல்லை என்பதால் அது உடனே நிறைவேறியது.

மாசியில் கட்டினோம். பங்குனிக்கு மேல் தெற்கத்திக் காற்று பிடித்ததும் தட்டியின் பாதி மறைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் போய் நான் ஒரு குச்சியால் அளந்து நோட்டில் எழுதி வருகிறேன். போன வாரம் போனபோது மருமகள் தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டு, கையில் ஒரு பிடி நெத்திலியோடு எழுந்து வந்தார்.

"வாத்தியாரே, இந்தாங்க, தின்னு பாருங்க."

வாயில் போட்டேன். நறநற என்றது.

"ஒங்க தட்டி தள்ளிவுட்ற மணலு பூரா என் கருவாட்டுலதான். யாவாரி எடுக்க மாட்டேங்கிறான். ஒண்ணு தட்டிய மாத்துங்க, இல்ல எனக்குக் களத்த மாத்திக் குடுங்க."

காற்று எந்தப் பக்கம் சுழல்கிறது என்று இரண்டு பேரும் நின்று பார்த்தோம். தட்டியின் வடகோடியில் மூன்று தப்படியைப் பிரித்து உள்பக்கமாக வளைத்துக் கட்டினால் சரியாகும் என்று தோன்றியது. கயிறு கொண்டுபோகவில்லை. அவர் வீட்டிலிருந்து பழைய வலைக்கயிறு ஒரு கண்டு எடுத்து வந்து கொடுத்தார். முடிச்சு அவிழ்க்கத் தெரியாமல் நான் திணறுவதைப் பார்த்து, பிடுங்கி அவரே அவிழ்த்தார்.